பிஸ்கட் டின்னோடு போன வீட்டு ஓனர்

என் வீட்டில் வாடகைக்கு இருந்தவர், வீட்டுக்குப் பின்னால் ஈயம் தோண்டுகிறார் என்று நான் மூன்று வாரம் நம்பினேன்.

சிரித்துவிட்டீர்களா? சரி. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

முழு நேரமும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். காலையில் நம்புவேன். மத்தியானம் சோறு உள்ளே போனதும், 'சே, இந்தக் காலத்தில் யார் ஈயம் தோண்டப் போகிறார்கள்' என்று தெளிவு பிறக்கும். சாயங்காலம் அந்த வீடு இருக்கும் லகாட் பக்கம் காரில் போகும்போது அந்தப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் பச்சைத் தண்ணீரோடு என்னைப் பார்க்கும்... மறுபடி நம்பிவிடுவேன்.

"வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கலாமா சார்?" என்று இந்தப் பத்தியின் வாசகர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பல வாரமாகப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன். பதில் தெரியாததால் அல்ல. பதிலைச் சொன்னால் இந்தக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால்.

வீடு என்றால் பெரிய பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். லகாட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. இரண்டரை அறை. அந்த அரை அறையில் என்ன வைப்பது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. என் சேமநிதியில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து, மனைவி விமலாவின் வளையல் இரண்டையும் சேர்த்து வாங்கியது. அதைத் தவிர என் முதுமைக்கு வேறு ஏற்பாடு கிடையாது. அந்த வீடு நின்றால் நான் நிற்பேன். அது படுத்தால் நானும் பக்கத்திலேயே படுக்க வேண்டியதுதான்.

வாடகைக்கு வந்தவர் சேகர். லோரி டயர் கடையில் வேலை. மனைவி தேவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சேகர் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். நான் பிறந்ததும் இன்னொரு ரப்பர் தோட்டத்தில். இரண்டு தோட்டமும் இப்போது இல்லை. ஒன்று செம்பனைத் தோட்டம், இன்னொன்று தாமான். வேறென்ன வேண்டும்? 'நம்ம ஆளு' என்று முடிவுசெய்து சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அக்ரிமெண்ட் உண்டு. நண்பர் ஒருவர் அனுப்பிய பதினோரு பக்க ஆங்கிலம். இரண்டு பேரும் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பேரும் படிக்கவில்லை. முத்திரை வரி மட்டும் ஒழுங்காகக் கட்டினேன். படிக்காத காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை.

இங்கேதான் என் முதல் தவறு ஆரம்பம். வீட்டு ஓனர் என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எங்கள் பரம்பரையில் யாரும் வீட்டு ஓனராக இருந்ததில்லை. தோட்டத்து லயத்து வீடு கம்பெனியுடையது. அதன் பிறகு இருந்தது வாடகை வீடு. நான் வாழ்க்கையில் பார்த்த வீட்டு ஓனர்கள் எல்லாரும் மாசம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசிவிட்டுப் போனவர்கள். அப்படி இருக்கக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

அதனால் என்ன செய்தேன்? வீட்டைப் பார்வையிடப் போகும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் டின் வாங்கிக்கொண்டு போனேன்.

நம் ஆட்கள் இன்னொருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா? போக மாட்டோம். பிஸ்கட்டோடு போகிறவன் விருந்தாளி. விருந்தாளியை எங்கே உட்கார வைப்பார்கள்? ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே. தேவி பாலில்லாத தே ஓ டீ கொண்டு வந்து வைப்பார். முறுக்கு வரும். பிள்ளைகள் வந்து வணக்கம் சொல்லும். சேகர் என் உடம்பை விசாரிப்பார். நான் அவர் வேலையை விசாரிப்பேன். அரை மணி நேரம் போனதும் எழுந்து, "சரி, வாரேன்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வருவேன். காரில் ஏறி, பெல்ட் போட்ட பிறகுதான் ஞாபகம் வரும் — நான் வந்தது வீட்டைப் பார்க்க.

நான்கு தடவை போனேன். ஹாலின் மேற்கூரையில் உள்ள பல்லியைக்கூட அடையாளம் சொல்வேன். சமையலறையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

உள்ளே போக வேண்டியதுதானே என்கிறீர்களா? எப்படிப் போவது? கூப்பிடாமல் அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் எந்த மனுஷன் போவான்? அதுவும் அங்கே ஒரு திரை தொங்கியது. நீலப் பூப்போட்ட திரை. ஒவ்வொரு தடவையும் முழுதாக இழுத்துவிடப்பட்டிருக்கும். தேவி அதற்குள்ளிருந்து வருவார், அதற்குள் போவார். ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டே வருவார்.

அப்போது அது எனக்கு ஒழுக்கமாகத் தெரிந்தது. பிறகு அது சாட்சியாகத் தெரிந்தது.

ஏனென்றால் மரியதாஸ் அண்ணன் குரல் செய்தி அனுப்பினார். மரியதாஸ் அண்ணன் என்பவர் சேகரின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்றவர், ஞாயிறு பூசை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாசலில் இருப்பவர். செய்தி இவ்வளவுதான்:

"தம்பி, உங்க ஆளு பின்னால மண்ணு அள்ளுறாரு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி மூட்டை கட்டி பிக்-அப்புல ஏத்துறாரு. பழைய மைன் நெலம் லா இது. நான் ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாதவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த செய்தியில், தன் சின்ன வயதில் அந்தப் பக்கத்துப் பெண்கள் டூலாங் தட்டில் மண்ணைப் போட்டு, தண்ணீரில் சுழற்றி, ஈயம் எடுத்ததைப் பற்றி மூன்று நிமிடம் பேசியிருந்தார். அதையும் முழுதாகக் கேட்டேன். இரண்டு தடவை.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே லகாட். இந்தத் தடவை முன்வாசல் இல்லை — பின் சந்து. சொந்த வீட்டின் பின்கதவுக் கம்பி வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு சங்கோல், இங்கே மண்வெட்டியை அப்படித்தான் சொல்வோம், சுவரில் சாய்ந்திருந்தது. கேன்வாஸ் போட்டு மூடிய ஒரு குவியல். கட்டி வைத்த நான்கு மூட்டை. அதற்கு மேலே, சுவரில் மாட்டி... ஒரு பெரிய வட்டத் தட்டு.

அந்தத் தட்டு தேவி அப்பளம் காய வைக்கும் தட்டு என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அது டூலாங்.

வீட்டுக்கு வந்து விமலாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஈயமா? அந்த வீட்டுக்குப் பின்னால துணி காயப்போடவே எடம் பத்தாது. அதுல ஈயம் தோண்டுறாராக்கும்."

"அப்ப மூட்டையில என்ன?"

"கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது. கேக்குறதுக்கு வாய் இல்லியா, பிஸ்கட் வாங்கத்தான் காசு இருக்கா?"

விமலா சொன்னது போல் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஆலோசனை கேட்டேன் — சேகரைத் தவிர மற்ற எல்லாரிடமும்.

வேலையிடத்தில் ஒருவர், நிலத்துக்கு மேலே உள்ளதுதான் எனக்கு, கீழே உள்ளது அரசாங்கத்துக்கு, அதனால் என்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். இன்னொருவர், அப்படியெல்லாம் இல்லை, கண்டுபிடித்தவனுக்குப் பாதி என்றார். மூன்றாமவர் ஈயம் இருக்கட்டும், பழைய மைன் நிலம் உள்வாங்கும், வீடே குழிக்குள் போய்விடும் என்றார். முதலாமவர் சொன்னதைக் கேட்டு வியர்த்தது. மூன்றாமவர் சொன்னதைக் கேட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாமவர் சொன்னதைக் கேட்டு என்ன செய்தேன் தெரியுமா? ஈயத்தின் இன்றைய விலை என்னவென்று ஃபோனில் தேடிப் பார்த்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பயத்துக்கும் பேராசைக்கும் நடுவில் ஒரு திரைகூட இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான் வேலை பார்க்கும் ஸ்டோரில் ஒரு போல்ட் குறைந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறவன் நான். சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மூன்று வாரம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, விமலாவே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியில் பிஸ்கட் கடை வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன். "நேரா ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன்.

அன்றைக்கு ஹாலில் உட்காரவில்லை. உட்காரச் சொன்னார்கள்; விமலா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டதால் உட்கார முடியவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று இருந்தது: சட்டம், பொறுப்பு, நம்பிக்கை என்று மூன்று பாகம். வாயைத் திறந்தால் வந்தது ஒரே வரி.

"சேகர், பின்னால என்ன தோண்டுறீங்க?"

சேகர் தேவியைப் பார்த்தார். தேவி தரையைப் பார்த்தார். அப்புறம் சேகர் போய் அந்த நீலப் பூத் திரையை ஒதுக்கினார்.

"தோண்டலண்ணே. கொட்டுறேன்."

உள்ளே போனேன். சமையலறையின் ஒரு மூலை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. தரை ஓடுகளில் விரிசல் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு ஓடியது. அடுப்பு மேசையின் ஒரு காலுக்குக் கீழே இரண்டு செங்கல்லும் மடித்த அட்டையும். தேவி ஒரு வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அது தானாக உருண்டு மூலைக்குப் போய் நின்றது. வெங்காயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

கதை இதுதான். அவர்கள் குடிவந்த மூன்றாம் மாதமே மூலையில் ஒரு ஓடு ஆடியிருக்கிறது. தூக்கிப் பார்த்தால் கீழே சேறு. சேகர் சேற்றை அள்ளி மூட்டை கட்டி, கடை முதலாளியின் பிக்-அப்பில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, காய்ந்த மணலை வாங்கி வந்து உள்ளே இடித்து நிரப்பியிருக்கிறார். மூன்று நாளில் மறுபடி இறங்கும். மறுபடி அள்ளுவார், மறுபடி நிரப்புவார். ஏழு மாதமாக. மணல் அவர் காசு.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

சேகர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நீங்க வர்றப்பல்லாம் பிஸ்கட்டோட வர்றீங்க. விருந்தாளியா வந்தவருகிட்ட தரை எறங்குதுன்னு எப்படிண்ணே சொல்றது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தேவி முந்திக்கொண்டார். அதுவரை அவர் என்னிடம் 'டீ எடுத்துக்குங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

"சொன்னா நாங்க ஒடச்சோம்னு நெனப்பீங்கண்ணே. காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது? பள்ளிக்கூடம் இங்கருந்து நடந்து போற தூரம். இவங்களோட அப்பா தோட்டத்துல கூரை ஒழுவுதுன்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னாரு. கிராணி என்ன சொன்னாரு தெரியுமா? புடிக்கலன்னா வேற தோட்டம் பாத்துக்கன்னாரு. அதுலருந்து இவங்க வீட்டுல யாரும் எதையும் போய்ச் சொல்றதில்ல."

விமலா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் தேவியின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்தக் கிராணியை, அந்தத் தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவை, தெரியும். அதாவது, அவரை அல்ல, அந்த மாதிரி ஒருவரை. எங்கள் தோட்டத்திலும் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டிலும் பழுதானதைச் சொல்ல மாட்டார்கள். தகரத்தை வளைத்து, கயிற்றைக் கட்டி, தாங்களே சமாளிப்பார்கள். சேகர் செய்தது எனக்குப் புரியாத காரியமே அல்ல. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதே மணலைத்தான் கொட்டியிருப்பேன். ஆனால் நான் அந்த இடத்தில் இல்லை. கிராணி நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் — அது எனக்குத்தான் தெரியவில்லை, சேகருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட ஆலோசனைக்கு வருகிறேன். இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு இருப்பவரைப் பார்க்கப் போவது வேறு, வீட்டைப் பார்க்கப் போவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். தீபாவளிக்குப் போங்கள், முறுக்கு சாப்பிடுங்கள். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கைந்து நாள் முன்னாலேயே எழுதி அனுப்பிவிடுங்கள், "சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறேன், சமையலறையும் பாத்ரூமும் பார்க்க வேண்டும்" என்று. எழுதுவது அவமரியாதை இல்லை. சொல்லாமல் பின் சந்தில் கழுத்தை நீட்டுவதுதான் அவமரியாதை. அதைச் செய்தவன் சொல்கிறேன்.

சாவி கொடுக்கும் அன்று இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு அறையையும், ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி அவருக்கு. அந்தப் படம் இருந்திருந்தால் 'நாங்க ஒடச்சோம்னு நெனப்பீங்க' என்று தேவி பயந்திருக்க வேண்டியதில்லை. படம் ஓனருக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

அக்ரிமெண்டைப் படியுங்கள். தயவுசெய்து. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாகப் படித்தேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வீட்டைப் பார்வையிட எனக்கு உரிமை உண்டு என்று அதில் இருந்தது. பழுது தெரிந்த உடனே ஓனரிடம் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் இரண்டு பேர் பிரச்சினைக்கும் மருந்து ஏழாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறது. இப்போது முக்கியமான நாலு விஷயத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, சேகர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். முதல் வரி: பழுது என்று சொன்னதற்காக யாரையும் காலி செய்யச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களே கேளுங்கள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஆட்களிடம் ஒரே பதில்தான்: "நல்லா இருக்குண்ணே." "எது ஒழுகுது, எது ஆடுது, எது நாறுது?" என்று கேளுங்கள். பதில் வரும்.

சரி, தரைக்கு என்ன ஆயிற்று?

திங்கட்கிழமை பிளம்பரைக் கூட்டிப் போனேன். சீனர், அறுபது வயதிருக்கும், இந்த லகாட் மண்ணிலேயே பிறந்தவர். மைன் நிலம் உள்வாங்குகிறதா என்று கேட்டேன். அவர் தரை ஓடுகளை உடைத்தார். கீழே இருந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார். இதை மட்டும் நிரப்பாமல் இருந்திருந்தால் அடுப்போடு சேர்ந்து ஆளும் உள்ளே போயிருப்பார் என்று மலாய் மொழியில் சொன்னார். தூண்களுக்கும் சுவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலத்திலும் கோளாறு இல்லை. எங்கிருந்தோ தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே பழைய குழாய் அடைக்கப்பட்ட தடம் தெரிந்தது. தொட்டியை இடம் மாற்றியிருக்கிறார்களே, "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது?

சேகரும் தேவியும் நாங்கள் இல்லை என்பது போலத் தலையசைத்தார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முன்னால் இருந்த ஓனர் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை, அதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு வாங்கிய புதிதில், நெருப்பும் நீரும் பக்கத்தில் இருந்தால் வீட்டில் சண்டை வரும் என்று வாஸ்து தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார். குடிவருகிற குடும்பம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, மலிவாக ஒரு ஆளைப் பிடித்து, ஒரே நாளில் தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடவே நின்றேன். குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு கீழே போயிற்று. திருப்தியாக இருந்தது. எங்கே போகிறது என்று வெளியே சாக்கடைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

பிளம்பர் தொட்டியின் குழாய் போன வழியே தோண்டினார். மூன்றடியில் குழாய் முடிந்தது.

அது உடையவில்லை, அடைபடவில்லை. சாக்கடையோடு அதை யாரும் இணைக்கவே இல்லை.